ஹார்ட்வெல் வீட்டுப் பெண், நிக்கோரா வீட்டுப் பையன்

மனிதகுலம் உண்மையான நாகரிகத்தை இரண்டு முறைதான் எட்டியிருக்கிறது. முதல் முறை எங்கே, எப்போது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவது முறை மதுரை ஆனையூரில், என் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறோம்.

'மதுரை மாநகர் மற்றும் புறநகர்த் தொன்மைக் கணிப்பான் சேகரிப்போர் பேரவை' என்பது எங்கள் அமைப்பின் திருப்பெயர். பழைய கால்குலேட்டர்களைச் சேர்ப்பது எங்கள் பணி. பழையது என்றால் உங்கள் மளிகைக்கடை மேஜையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கிறதே, அது அல்ல. எழுபதுகளில் பிறந்திருக்க வேண்டும். எண்கள் சிவப்பாகவோ பச்சையாகவோ எரிய வேண்டும். தோல் உறைக்குள் தூங்க வேண்டும். அதை வைத்து எங்களில் யாரும் கணக்குப் போடுவதில்லை, போட்டால் பொத்தான் தேய்ந்துவிடும். அவசரத்துக்குக் கூட்டிக் கழிக்க எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது.

பேரவையில் இரண்டு அணிகள். முதல் அணி அமெரிக்காவில் பிறந்த 'ஹார்ட்வெல்' கால்குலேட்டரின் பக்தர்கள். இந்த ஹார்ட்வெல்லில் சமக்குறிப் பொத்தான் கிடையாது. இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமென்றால் இரண்டைத் தட்டி, 'என்டர்' தட்டி, மூன்றைத் தட்டி, கடைசியில் கூட்டலைத் தட்ட வேண்டும். இப்படித் தலைகீழாகத் தட்டத் தெரிந்தவர்கள்தான் மனிதர்கள் என்பது அவர்கள் கொள்கை. அணித் தலைவர் சீதாராமன், விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருப்பவர்.

இரண்டாவது அணி ஜப்பானில் பிறந்த 'நிக்கோரா'வின் தொண்டர்கள். நிக்கோராவில் சமக்குறி உண்டு, பெரிதாகவே உண்டு. தட்டினால் விடை வரும். அதன் தலைவர் அருள்பாண்டி, பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, கோச்சடையில் வீடு கட்டிக் குடியிருப்பவர். செக்கானூரணிப் பக்கம் இன்னும் வயல் இருக்கிறது.

ஹார்ட்வெல் அணியினர் அத்தனை பேரும் வீட்டுக்குள் தமிழ் அல்லாத ஒரே மொழி பேசுகிறவர்களாகவும், நிக்கோரா அணியினர் அத்தனை பேரும் மேற்கே ஒரே கோயிலில் கிடா வெட்டுகிறவர்களாகவும் அமைந்திருப்பது முழுக்க முழுக்கத் தற்செயல். ஆண்டறிக்கையில் அப்படித்தான் குறிப்பிட்டிருக்கிறேன்.

பேரவையின் செயலாளர் நான். செயலாளர் என்றால் நடுநிலை. தையல்காரரிடம் சொல்லி இரண்டு பை வைத்த சட்டைகளாகத் தைத்துக்கொண்டேன். இடப்பக்கம் ஒரு நிக்கோரா, வலப்பக்கம் ஒரு ஹார்ட்வெல். இரண்டும் ஒரே எடை. தராசில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அணிகளுக்கு இடையே போட்டி உண்டு, ஆனால் அது நட்பான போட்டி. ஹார்ட்வெல் இளைஞர் அணி (அதில் மிக இளையவருக்கு ஐம்பத்தெட்டு) சித்திரைத் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தால், நிக்கோரா நற்பணி மன்றம் அதைவிட ஓர் அடி உயரமாக வைக்கும். ஒருமுறை அருள்பாண்டியின் மூத்த நிக்கோரா ஒன்று, பேட்டரி கசிந்து, பச்சை எண்கள் ஒவ்வொன்றாக மங்கி உயிரை விட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்று காளவாசல் வரை போஸ்டர் ஒட்டினார்கள். சீதாராமன் மாலையோடு துக்கத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டு, "பேட்டரி மூடி மட்டும் நல்லா இருக்குபோல. குடுக்குற மாதிரி இருந்தாச் சொல்லுங்க சம்மந்தி" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தச் 'சம்மந்தி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் முன்பின் தெரியாதவரையே 'மாப்ள' என்போம். பழகியவர் என்றால் கேட்கவே வேண்டாம். சீதாராமனுக்கு ஒரு மகள், அருள்பாண்டிக்கு ஒரு மகன். அது போதாதா? இரண்டு பேரும் ஒருவரையொருவர் அழைப்பது சம்மந்தி என்றுதான்.

"வாங்க சம்மந்தி. ரெண்டும் ரெண்டும் எம்புட்டுன்னு உங்க மெஷின் இன்னைக்காச்சும் சொல்லுமா, நாளைக்குத்தானா?" என்பார் அருள்பாண்டி.

"சொல்லும் சம்மந்தி. கேக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சொல்லும்" என்பார் சீதாராமன்.

பிள்ளைகள் இரண்டும் அப்போது கொட்டகை ஓரத்தில் ஒன்றாக உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கும். பெரியவர்கள் பேச்சைப் பிள்ளைகள் நம்பிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பேரவையின் வரலாற்றில் நேர்ந்த ஒரே நிர்வாகக் கோளாறு அதுதான்.

சென்ற தை மாதக் கூட்டத்தில், நன்றியுரைக்கு முன்னால், 'இதர பொருள்' என்ற தலைப்பின் கீழ் சீதாராமனின் மகள் இந்துப்ரியா எழுந்தாள். ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். பக்கத்தில் அருள்பாண்டியின் மகன் சூரியபிரகாஷும் எழுந்தான். அவனுக்கு மேலூரில் ஒரு கிரானைட் கம்பெனியில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் இம்புட்டு வருஷமா சம்மந்தி சம்மந்தின்னு கூப்பிட்டுக்கிறீங்க. நாங்க அதை நெஜமாக்கலாம்னு இருக்கோம்" என்றாள் இந்துப்ரியா.

அருள்பாண்டி மெல்லத் திரும்பினார்.

"சீதாராமன் சார், இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது அருள்பாண்டி சார்."

உறுப்பினர்களிடையே பரஸ்பர மரியாதை அன்று வெகுவாக உயர்ந்தது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் ஜாதி என்ற அசிங்கமான சொல் வந்து விழுந்திருக்கும். எங்கள் பேரவையில் விழவில்லை. படித்தவர்கள், உலகம் தெரிந்தவர்கள். 'பிராண்டு' என்ற கண்ணியமான சொல்தான் வந்தது.

"தம்பி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் சீதாராமன். "ஆனா அவங்க நிக்கோரா. சமக்குறி தட்டிப் பழகுன குடும்பம். நம்ம வீட்டுப் பொண்ணு அங்க போய் எப்படிப் பொழைப்பா?"

"அந்தப் பிள்ளை தங்கமான பிள்ளை" என்றார் அருள்பாண்டி. "ஆனா நாளைக்கு எங்க ஊர்ல ஒரு காதுகுத்துன்னு வையிங்க. அவங்க வீட்டு ஆளுக வந்து பந்தியில உக்காந்துக்கிட்டு என்டர் பொத்தானைத் தேடுனா, எங்க பங்காளிகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

எவ்வளவு நுட்பமான கவலை பாருங்கள். இந்த இரண்டு பிள்ளைகளும் பிறந்ததிலிருந்து கால்குலேட்டரில் ஒரு கணக்குக்கூடப் போட்டதில்லை. ஆனாலும் பெரியவர்கள் தலைமுறைக் கணக்கில் யோசிக்கிறார்கள்.

பிள்ளைகள் இங்கே இன்னொரு தவறு செய்தார்கள். பெரியவர்கள் சொன்ன காரணத்தையும் நம்பிவிட்டார்கள். பிரச்சினை பிராண்டுதான் என்றால் பிராண்டை மாற்றிக்கொண்டால் போகிறது என்று சூரியபிரகாஷ் ஒரு ஹார்ட்வெல்லை இரவல் வாங்கிக்கொண்டு மேலூர் போனான். இந்துப்ரியாவே சொல்லிக்கொடுத்தாள். அடுத்த கூட்டத்தில், செயற்குழு முன்னிலையில், சோதனைக்கு உட்கார்ந்தான்.

கூட்டு வட்டிக் கணக்கு ஒன்று கொடுத்தோம். தலைகீழாகத் தட்டினான். சிவப்பு எண்களில் சரியான விடை வந்தது. வர்க்கமூலம் கொடுத்தோம். அதுவும் வந்தது. ஹார்ட்வெல் அணியிலேயே பாதிப் பேருக்கு அது வராது என்பதால் அவர்கள் மும்முரமாகத் தேநீர் குடித்தார்கள். அருள்பாண்டி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெற்ற மகன் சமக்குறி இல்லாத மெஷினில் கை வைப்பதை எந்தத் தகப்பன் பார்ப்பான்?

சூரியபிரகாஷ் மெஷினைக் கீழே வைத்தான். "மாமா, இப்ப நானும் ஹார்ட்வெல்தானே?"

சீதாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"தம்பி, கூடு மாத்தலாம். பொத்தான் மாத்தலாம். ஏன், உறைகூட மாத்தலாம். உள்ள ஒரு சிப்பு இருக்குல்ல? அது எந்த ஃபேக்டரில செஞ்சதுன்னு ஒண்ணு இருக்கே."

"எந்த ஃபேக்டரிப்பா? பேரைச் சொல்லுங்க" என்றாள் இந்துப்ரியா.

"அதெல்லாம் சேகரிக்கிறவங்களுக்குத் தெரியும்மா. ஒரு மெஷின் கூட்டுக்குள்ள இன்னொரு மெஷின் சிப்பை வச்சா அது ஒட்டு. சந்தையில மதிப்புக் கிடையாது."

இதைச் சொன்னபோது, சுவரைப் பார்த்து நின்ற அருள்பாண்டி தலையாட்டினார். இருபதாண்டுகளில் சீதாராமன் சொன்ன ஒரு கருத்தை அவர் ஏற்றுக்கொண்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்துப்ரியா அழவில்லை. என்னிடம் வந்து, "அங்கிள், சட்டப்படி கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணுமாம். குடுக்கப்போறோம்" என்று மட்டும் சொன்னாள். மேலூர்ப் பதிவு அலுவலகத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மேலூரிலும் நமக்கு உறுப்பினர் உண்டு அல்லவா? அன்றைக்கே செல்போனில் படம் வந்து சேர்ந்தது. இரண்டு தகப்பன்மாரும் ஆட்சேபம் தெரிவிக்கப் புறப்பட்டார்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள் என்று என்னையும் அழைத்துப் போனார்கள்.

பதிவு அதிகாரி இளம் வயதுப் பெண்மணி. விசாரித்தார்.

"பொண்ணுக்கோ பையனுக்கோ வயசு குறைவா?"

"இல்ல மேடம்."

"யாருக்காவது முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கா?"

"சேச்சே."

"ரெண்டு பேரும் நெருங்கின சொந்தமா?"

"அய்யய்யோ, சொந்தமெல்லாம் ஆகவே முடியாது மேடம்" என்றார் அருள்பாண்டி.

"அப்புறம் என்ன ஆட்சேபம்?"

சீதாராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவங்க நிக்கோரா, மேடம். நாங்க ஹார்ட்வெல்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஹார்ட்வெல்லுங்கறது எந்த ஜாதில வருது? லிஸ்ட்ல பாத்த ஞாபகம் இல்லையே."

என் நண்பர்கள் இருவரும் துடித்துப்போனார்கள். "ஜாதியா? அதெல்லாம் நாங்க பாக்குறதே இல்ல மேடம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். "அது கால்குலேட்டர்" என்று நான் விளக்கினேன். ஆதாரமாக இரண்டு பைகளிலிருந்தும் எடுத்துக் காட்டினேன்.

அதிகாரி இரண்டையும் பார்த்தார். எங்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"கால்குலேட்டருக்கு இந்தச் சட்டத்துல எடமில்ல. உண்மையான காரணம் என்னமோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கி வச்சுக்கிறேன்."

வெள்ளைத்தாள் அங்கேயே கிடந்தது. அருள்பாண்டி அதை சீதாராமன் பக்கம் நகர்த்தினார். சீதாராமன் திருப்பி நகர்த்தினார். பக்கம் பக்கமாக மனு எழுதிப் பழகிய கைகள். ஒரு வரிகூட வரவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

ஆனால் நடப்பதெல்லாம் நன்மைக்குத்தான். மேலூர் பேருந்து நிலையத்தில் பருத்திப்பால் வாங்கி ஒரே டம்ளரை இரண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். சமக்குறியால் பிரிந்திருந்த இரண்டு உள்ளங்கள் இப்படித்தான் ஒன்று சேர்ந்தன. "ஹார்ட்வெல்லும் நல்ல மெஷின்தான். சும்மா சொல்லக்கூடாது" என்றார் அருள்பாண்டி. "நிக்கோரா பச்சைக்கு ஈடு எது?" என்றார் சீதாராமன். அடுத்த கூட்டத்திலேயே அணிகள் கலைக்கப்பட்டன. 'இனி பேரவையில் பிராண்டு பேதம் இல்லை' என்று தீர்மானம் போட்டு, கேக் வெட்டி, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் இந்துப்ரியா என் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், பிராண்டு பிரச்சினை தீந்துருச்சுல்ல? இனிமே அப்பாவுக்கு என்ன தடை?"

"அது வேற, இது வேற இல்லையாம்மா?"

"எப்படி வேற?"

"வேறதாம்மா."

இவளைக் குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும். என் மாடிப்படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள்.

"சரி, அதை விடுங்க. மூணு சாட்சி கையெழுத்து வேணும். என் ஃப்ரெண்டு ரோகிணி வாரா. சூர்யா ஆபீஸ்ல ஒருத்தர் வாரார். மூணாவதா பெரியவங்க ஒருத்தர் இருந்தா எங்களுக்கும் ஒரு தைரியம். ரெண்டு வீட்டுக்கும் பொதுவான ஆளு நீங்கதானே. வெள்ளிக்கிழமை காலையில வருவீங்களா?"

"வாரேம்மா" என்றேன். உணர்ச்சிவசப்பட்டுத்தான் சொன்னேன்.

அவள் போனபின்தான் பதவியின் பொறுப்பு நினைவுக்கு வந்தது. ஒரு தரப்புக்குத் தெரிந்த தகவல் மறு தரப்புக்கும் தெரிவதுதானே நடுநிலை? உடனே இரண்டு தகப்பன்மாருக்கும் வெள்ளிக்கிழமை விவரத்தைத் தெரிவித்தேன். ஒருவருக்கு முன்னால் ஒருவருக்குச் சொன்னதாகப் பேச்சு வரக்கூடாதென்று, இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை அருள்பாண்டியின் காரில் நால்வர் போனோம். நாலாவது ஆள், சீதாராமனின் மனைவி ராதாமணி. வீட்டில் இருக்கும் அத்தனை ஹார்ட்வெல்லையும் வாராவாரம் தூசி தட்டி அடுக்குகிறவர். அதிகம் பேசமாட்டார். அவரை அழைத்து வந்ததற்கு ஒரு திட்டம் இருந்தது.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்று சீதாராமன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "அவ முன்னாடி நின்னு அழு. அது போதும். அவ எறங்கி வந்துருவா."

ராதாமணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அலுவலக வாசலில் நான்தான் முதலில் இறங்கினேன். "அங்கிள் வந்துட்டாங்க" என்று இந்துப்ரியா சூரியபிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டுச் சேலைகூட உடுத்தியிருக்கவில்லை, சாதாரண நூல் சேலைதான். ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்புறம் எனக்குப் பின்னால் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அங்கிள், நீங்கதான் சொன்னீங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதாம்மா சொன்னேன்."

"அம்புட்டு நியாயமா" என்றாள்.

உள்ளே போனோம். மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட்டார்கள். ரோகிணி போட்டாள். சூரியபிரகாஷோடு வேலை பார்க்கிறவர் போட்டார். சாட்சிக்கென்று வேறு யாரும் உள்ளே வந்துவிடாதபடி அருள்பாண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்று, தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு அவர்கள் கலைந்து போனார்கள்.

"மூணாவது சாட்சி யாரு?" என்றார் அதிகாரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையில் பேனா இருந்தது.

"நான் நடுநிலை, மேடம்" என்றேன்.

"சாட்சி போடறதுக்கு நடுநிலையான ஆளுங்கதான் சார் வேணும்."

"செயற்குழுவைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தா..."

சூரியபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். சாட்சி இல்லாவிட்டால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் இந்தப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பக்கம் சாய்வது என்பது என் வழக்கத்தில் இல்லை.

சீதாராமன் மனைவியின் முழங்கையை இடித்தார். "ம். அழு."

ராதாமணி முன்னால் போனார். மகளைத் தாண்டி, மேஜைக்கு அருகே போனார்.

"அழறதுக்கு வீட்டுக்குப் போயி நெறைய நேரம் இருக்கு" என்றார் கணவரைப் பார்க்காமலே. "எங்க போடணும்னு காட்டுங்கம்மா."

அதிகாரி காட்டினார். ராதாமணி என் பக்கம் கையை நீட்டினார். "அண்ணே, பேனாவாச்சும் குடுங்க."

கொடுப்பது ஒரு தரப்புக்கு உதவியதாக ஆகுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி தன் பேனாவைக் கொடுத்துவிட்டார். ராதாமணி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கோணவில்லை. பிறகு சூரியபிரகாஷைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். அவன் அப்போதுதான் அழுதான்.

திரும்பி வரும்போது காரில் மூன்று பேர்தான். ராதாமணி பிள்ளைகளோடு அங்கேயே இருந்துவிட்டார். எப்போது வீடு திரும்புவார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது சீதாராமன் வீட்டு அலமாரியில் தூசி விரலளவு ஏறியிருக்கிறது என்று கேள்வி.

அடுத்த கூட்டம் மிகச் சிறப்பாக நடந்தது. நெருக்கடியான நேரத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற செயலாளருக்குப் பாராட்டுத் தெரிவித்து, அருள்பாண்டி முன்மொழிய, சீதாராமன் வழிமொழிய, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சந்தனமாலை போட்டார்கள். ஏற்புரை நிகழ்த்தச் சொன்னார்கள். நானும் மனத்தில் பட்டதைச் சொன்னேன்.

மதுரைப் பக்கம் சண்டைக்காரர்கள் அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அது அவதூறு. சண்டை போடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர்தான். மீதி அத்தனை பேரும் என்னைப் போல நடுநிலையாளர்கள். நாங்கள் இத்தனை பேர் சுற்றிக் காவலுக்கு நிற்பதால்தான் அந்த நாலு பேரை இதுவரை யாராலும் தொட முடியவில்லை.